கண்ணாடி அக்காவும் என் கடைக் கணினியும்

எங்கள் தெருவில் மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிற முக்கால்வாசிப் பேரின் முகத்தில் கண்ணாடி அக்காவின் கைவேலை இருக்கிறது. என் கடைக்கு எதிர்சாரியில் உள்ள கண்ணாடிக் கடையின் உள்ளறையில், வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இருபத்தாறு வருஷமாக லென்ஸ் தேய்க்கிறார். வட்டமாக வரும் லென்ஸில் நடுமையம் பார்த்துப் புள்ளி வைப்பார். பிரேமின் அளவுக்கு ஓரத்தை மெஷினில் கொடுத்துத் தேய்ப்பார். தண்ணீர் சொட்ட எடுத்து, துடைத்து, பிரேமுக்குள் கட்டை விரலால் அழுத்தும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். சத்தம் மனசுக்குப் பிடிக்கவில்லை என்றால் கழற்றி மறுபடியும் தேய்ப்பார். வெளியே வாடிக்கையாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதெல்லாம் அவர் காதில் ஏறாது.

கண்ணாடி ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று யாராவது சண்டைக்கு வந்தால், "கண்ணாடி நேராத்தான் இருக்கு. உங்க காது ரெண்டும் ஒரே மட்டத்துல இல்ல" என்பார். சொல்லிவிட்டு, காதுக் கம்பியைச் சூட்டில் காட்டி, அந்தக் காதுக்கு ஏற்றபடி வளைத்துக் கொடுப்பார். வந்தவர் சண்டையை மறந்து, காதைத் தடவிக்கொண்டே போவார்.

பத்தொன்பது வயதில் அந்தக் கடைக்கு பில் எழுத வந்தவர். லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். மறுநாள் முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு வந்தபோது, இந்தப் பில் எழுதுகிற பெண் மூன்று கண்ணாடி முடித்து வரிசையாக வைத்திருந்தாளாம். அம்மா போனபோது தங்கைக்குப் பன்னிரண்டு வயது. அந்தத் தங்கையை வளர்த்து, படிக்க வைத்து, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலையில் உட்கார வைத்தவர் அக்காதான். தங்கை இப்போது பஸ்ஸில் ஐந்து மணி நேரம் தள்ளி ஓர் ஊரில் இருக்கிறாள். நடுவில் அக்காவுக்குக் கல்யாணம் என்று ஒன்று நடந்து இரண்டு வருஷத்தில் முடிந்தும் போனது. ஏன் என்று கேட்டால், "பவர் ஒத்து வரல" என்பார். அதற்கு மேல் கேட்க யாருக்கும் வாய் வராது.

இவ்வளவும் தெருவுக்கே தெரிந்தது. தெருவுக்குத் தெரியாததும் எனக்குத் தெரியும். எப்படித் தெரிந்தது என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அக்காவும் தங்கையும் எழுதிக்கொண்டதில் ஒரு வரியைக்கூட இங்கே எடுத்து வைக்க மாட்டேன். கண் விஷயத்தை மட்டும் சொல்வேன், அதை இப்போது அவரே எல்லோரிடமும் சொல்லிவிட்டார். இந்தக் கட்டுப்பாடு எனக்கு முதலிலேயே இருந்திருந்தால் எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

நான் போன் ரிப்பேர்காரன். பத்துக்கு ஆறடி கடை. ஒரு கண்ணாடி மேசை, ஒரு நுண்ணோக்கி, எள்ளளவுகூட இல்லாத திருகாணிகள் போட்டு வைக்கும் காந்தத் தட்டு, ஓரத்தில் ஒரு கணினி. தெருவில் என் கடைக்குப் பெயர் 'ஊமையன் கடை'. ஷட்டரைத் தூக்கியது முதல் இறக்குகிறவரை வாய் ஓயாமல் பேசுகிறவன் நான். புதிதாக வருகிறவர்கள் கடை மாறி வந்துவிட்டோமோ என்று முழிப்பார்கள். ஆனால் ரிப்பேருக்கு வந்த போனில் என்ன இருந்தது என்று யாரைப் பற்றியும் ஒரு சொல் பேசியதில்லை. பேர் அதனால் வந்தது. பெரிய பெரிய ஆட்களெல்லாம் போனையும் பூட்டு எண்ணையும் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போவார்கள். எனக்கு அதில் கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

கண்ணாடி அக்கா பூட்டு எண்ணைக் காகிதத்தில் எழுதித் தர மாட்டார். எதிர்சாரியிலிருந்தே கத்துவார்: "தம்பி, என் தங்கச்சி பொறந்த வருஷம்தான், மறந்துடாத." தெருவில் போகிற தபால்காரருக்குக்கூட அந்த எண் தெரியும்.

அன்றைக்கு அவர் கொண்டுவந்த போன் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. நினைவகம் நிரம்பிவிட்டது. தங்கை அனுப்பிய குரல் பதிவுகள் மட்டும் மூன்று வருஷத்துக்கு இருந்தன. "ஒண்ணும் அழிக்காத. எல்லாத்தையும் எடுத்து ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"ஏன் தம்பி, நான் கடை வைஃபைல இருந்துதான் தங்கச்சிக்கு மெசேஜ் போடுறேன். முதலாளி அதைப் படிக்க முடியுமா?"

இந்தக் கேள்வி வந்தால் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியாது. நாற்காலியை இழுத்துப் போட்டு விளக்கினேன். "முடியாதுக்கா. நீங்க அனுப்புறது உங்க போன்லயே பூட்டிக்கும். உங்க தங்கச்சி போனுக்குப் போய்த்தான் தெறக்கும். நடுவுல வைஃபைகாரன், நெட்காரன், அந்த ஆப் நடத்துற கம்பெனி யாரு பாத்தாலும் வெறும் கிறுக்கல்தான். இந்த முனையில நீங்க, அந்த முனையில அவங்க. மூணாவது ஆளுக்கு வேலையே இல்ல."

"நிச்சயமா?"

"என் கடைமேல ஆணை."

நான் சொன்னதில் தப்பில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அதைச் சொன்ன அரை மணி நேரத்தில், குரல் பதிவுகளை எடுப்பதற்காக, அவருடைய மெசேஜ் ஆப் கணக்கை என் கடைக் கணினியில் இணைத்தேன். கணினித் திரையில் தெரிகிற க்யூஆர் கோடைப் போனால் படம் பிடித்தால் போதும், போனில் வருகிறதெல்லாம் கணினியிலும் வரும். பதிவுகளை இறக்கினேன், பென்டிரைவில் போட்டேன், போனைத் துடைத்துக் கொடுத்தேன். கணினியிலிருந்து கணக்கை வெளியேற்ற மறந்துவிட்டேன். அது மறதிதான். அந்த ஒரு நாளுக்காக யாரும் என்னைத் தூக்கில் போட மாட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து, டிஸ்பிளே ஆர்டர் போட உட்கார்ந்தபோது கணினியின் ஓரத்தில், புதுச் செய்தி வந்ததைக் காட்டும் ஓர் எண் ஏறி நின்றது. திறந்தேன். அக்காவின் செய்திகள்.

வெளியேறு என்கிற பொத்தான் இரண்டு அழுத்தலில் இருந்தது. என் தொழிலில் தூக்கத்தில்கூட அழுத்துவேன். கை மவுஸ்மேல் இருந்தது, கண் வரிமேல் இருந்தது. கண்தான் ஜெயித்தது. அவருக்கு இடது கண்ணில் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது, ஓரப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது, முதலாளிக்குத் தெரிந்தால் லென்ஸ் தேய்க்கிற வேலை போய்விடும் என்று பயப்படுகிறார், உலகத்தில் தங்கை ஒருத்தியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பரிதாபப்பட்டுத்தான் படித்தேன் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பரிதாபப்படுகிறவன் முதலில் கணினியை மூடுவான். நான் மறுநாள் காலையில் தேநீரை வாங்கி வைத்துக்கொண்டு திறந்தேன். அதற்கு மறுநாளும் திறந்தேன். நாற்பத்தோரு நாள். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான், ஆனால் பூனைக்கு 'ஊமையன்' என்று பட்டம் வேறு.

இதில் எனக்கு இன்னமும் கூசுகிற ஒரு விஷயம் உண்டு. கணினியில் ஓர் உரையாடலைத் திறந்தால் அது படிக்கப்பட்டதாகப் போனிலும் காட்டிவிடும். அக்கா படிக்காத செய்தி படித்ததாக இருந்தால் சந்தேகம் வரும். எனக்கா தெரியாது? அவர் படித்து முடிக்கிறவரை காத்திருப்பேன். எண் மறைந்த பிறகுதான் திறப்பேன். மறதி என்று சொல்லிக்கொண்ட வாய் இந்த ஜாக்கிரதைக்கு என்ன பெயர் சொல்லும்?

அவர் போனின் செட்டிங்ஸில், இணைந்த சாதனங்கள் என்ற இடத்தில், என் கணினி பட்டியலில் இருந்துகொண்டேதான் இருந்தது. போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியவன் நான்தான்.

நாற்பதாவது நாள் அக்கா போன் திரைக்கு மேல் ஒட்டும் தாள் வாங்க வந்தார். பழைய தாளின் விளிம்பைப் பிடிக்க நகத்தால் தடவிக்கொண்டிருந்தார். நகம் விளிம்பைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மனசு கேட்கவில்லை.

"அக்கா, இடது கண்ணுல அழுத்தம் குறையலன்னா சும்மா இருக்காதீங்க. வேற டாக்டரைப் பாருங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்.

அவர் கை நின்றது. "யாரு சொன்னா?"

"இல்ல... பாத்தா தெரியுது."

"அழுத்தம் பாத்தா தெரியாது தம்பி" என்றார் மெதுவாக. "நான் இருபத்தாறு வருஷமா கண்ணுக்கு நடுவுலதான் வேலை செய்யுறேன். அதுக்கு மெஷின் வச்சாத்தான் தெரியும்."

"யாரோ சொன்னாங்கக்கா. யாருன்னு சட்டுனு ஞாபகம் வரல."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "நீ அன்னிக்கு சொன்னியே, நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறத மூணாவது ஆள் படிக்கவே முடியாதுன்னு. அது நெஜந்தானே?"

சொல்வதற்கு வாசல் அகலத் திறந்து கிடந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் கணினி ஓடிக்கொண்டிருந்தது. திரையைத் திருப்பியிருந்தால் போதும்.

"நெஜந்தாங்க்கா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கணக்கில் கெட்டிக்காரர். மூன்றாவது ஆளால் முடியாது, தான் சொல்லவில்லை, அப்படியென்றால் மிச்சம் இருப்பது ஒருத்திதான். தாளை ஒட்டாமலே போய்விட்டார்.

மறுநாள் காலையில் திரையில் எல்லாவற்றையும் பார்த்தேன். எழுத மாட்டேன் என்று சொன்னேன், எழுதவில்லை. அக்கா கேட்டார், தங்கை இல்லை என்றாள். அக்கா நம்பவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து வளர்த்தவர் என்னென்ன சொல்லிக் காட்ட முடியுமோ அவ்வளவும் சொல்லிக் காட்டினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பழி போய் விழுகிற இடத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. தங்கையின் கடைசி வரி வந்த பிறகு அந்தப் பக்கம் அடங்கிப்போனது.

அப்போதுதான் கணக்கை வெளியேற்றினேன். நல்ல புத்தி வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மாட்டிக்கொள்வேனோ என்ற பயத்தில் தடயத்தை அழித்தேன்.

என் மனைவி மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்தாள். நான் சாப்பிடாமல் பாத்திரத்தை மூடி வைத்ததைப் பார்த்துவிட்டு, துருவித் துருவிக் கேட்டாள். சொன்னேன். 

"அடுத்தவ வீட்டு ஜன்னலாண்ட நாப்பது நாள் நின்னு எட்டிப் பாத்தவனை என்னன்னு சொல்லுவாங்க?" என்றாள். "கம்ப்யூட்டர்ல பாத்தா மட்டும் வேற பேரா?"

"தெரியாமத்தான் ஆரம்பிச்சுது..."

"ஆரம்பிச்சதை யாரு கேட்டா? போய்ச் சொல்லிட்டு வாங்க."

நான் போகவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். அவள் அன்று சாயங்காலம் தன் போனுக்கு, எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக, பூட்டு போட்டாள். எண்ணை என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து அக்காவே வந்தார். மெலிந்துபோயிருந்தார். போனை மேசைமேல் வைத்தார்.

"இதுல என்னவோ கோளாறு தம்பி. தங்கச்சிக்கு அனுப்புற மெசேஜுக்கெல்லாம் ஒரு டிக்தான் விழுது. ரெண்டாவது டிக் விழவே மாட்டேங்குது. கூப்பிட்டாலும் போக மாட்டேங்குது. போன அணைச்சு அணைச்சுப் போட்டுப் பாத்தேன். டவர் பிரச்சினையா?"

நான் போனை எடுக்கவில்லை. எடுக்காமலே தெரியும். பத்து நாளாக ஒற்றை டிக் என்றால் டவர் இல்லை, கோளாறு இல்லை.

"அவகிட்ட என்னென்னவோ பேசிட்டேன்" என்றார். "கோபத்துல பேசிட்டேன். நெனச்சுப் பாத்தா அவ அப்படிப்பட்ட ஆளே இல்ல. சின்ன வயசுல நான் ஒடச்ச சாமானுக்கெல்லாம் அவதான் அம்மாகிட்ட அடி வாங்குவா. வாயத் தெறந்து 'அக்காதான் ஒடச்சா'ன்னு சொன்னதில்ல. இப்ப மட்டும் எப்படிச் சொல்லியிருப்பான்னு தெரியல. ஆனா நீ சொன்ன கணக்குப்படி பாத்தா அவளத் தவிர வேற யாரும் இல்லயே."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தொடர்ந்தார். "கண்ணு விஷயம் உனக்குத்தான் தெரியுமே, சொன்னா என்ன. காலைல ஆறு மணி, சாயங்காலம் ஆறு மணி, சொட்டு மருந்து விட்டியான்னு அவதான் கேட்டு மெசேஜ் போடுவா. கேட்க ஆளில்லாம பத்து நாளா ஒழுங்கா விடல. நேத்து ஒரு லென்ஸைத் தப்பாத் தேய்ச்சுட்டேன்."

அக்கா லென்ஸைத் தப்பாகத் தேய்த்தார் என்பதை அந்தத் தெருவில் வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பேன். அவரே சொல்கிறார். போனில் கோளாறு, நாளைக்கு வாங்க என்று சொல்லி அனுப்ப இன்னமும் வழி இருந்தது. அந்த நினைப்பு அப்போதும் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"போன்ல ஒண்ணும் இல்லக்கா. அவங்க உங்க நம்பரைப் பிளாக் பண்ணி வச்சிருக்காங்க" என்றேன். "அவங்க யார்கிட்டயும் சொல்லல. நான்தான் படிச்சேன்."

அவருக்குப் புரியவில்லை. கணினியைத் திருப்பிக் காட்டி, எப்படி இணைத்தேன், எப்படி விட்டுவிட்டேன், எத்தனை நாள் என்று சொன்னேன். நாற்பத்தொன்று என்று சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "அப்ப நான் அவள ஏசினதையும் படிச்சியா?" என்று மட்டும் கேட்டார்.

"படிச்சேன்."

"படிச்சுட்டு சும்மா இருந்தியா?"

கணினித் திரையை அணைத்தேன். 

"என் நம்பர்தானே போகாது. உன் நம்பர் போகும்ல. கூப்பிடு" என்றார். "ஸ்பீக்கர்ல போடு."

கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். பின்னால் ஏதோ ஒரு மெஷின் சுழலும் சத்தம். நான் யார், என்ன செய்தேன் என்று முதலிலிருந்து சொன்னேன். ஒரு இடத்தில்கூடக் குறுக்கே பேசாமல் கேட்டாள்.  

"நான் இல்லன்னு எங்கக்காகிட்ட எத்தனையோ தடவ சொன்னேன்" என்றாள். "சத்தியம்கூடப் பண்ணினேன். போன் கடைக்காரத் தம்பி மூணாவது ஆளால முடியாதுன்னு சொல்லிடுச்சுன்னு எழுதினா. நான் சொன்னத நம்பல. உங்க பேச்சத்தான் நம்பினா."

அக்கா என் கையிலிருந்து போனை வாங்கி, ஸ்பீக்கரை அணைத்து, காதில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். கண்ணாடிக் கடை வாசலில் சுவரைப் பார்த்து நின்று பேசினார். நான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். அரை மணி கழித்துப் போனைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வாரமே முதலாளியிடம் கண் விஷயத்தை அவரே சொல்லிவிட்டாராம். "ஊமையனுக்கே தெரிஞ்சப்புறம் மறைச்சு என்ன ஆகப் போகுது" என்றாராம். முதலாளி இப்போது லென்ஸ் தேய்க்க வேறொருவரை வைத்திருக்கிறார். அக்கா முன்பக்கம் உட்கார்ந்து பிரேம் பொருத்துகிறார். 'டக்' சத்தம் சரியாக வராவிட்டால் உள்ளே எழுந்து போவதை நான் என் கடையிலிருந்து பார்ப்பதுண்டு. நான் என்ன செய்தேன் என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. என் கடைக்கு இன்னமும் அதே பெயர்தான். யாராவது அந்தப் பெயரைச் சொல்லிப் போனை நீட்டும்போது எனக்கு முகம் எரிகிறது. கணினியில் யாருடைய கணக்கை இணைத்தாலும் அவர்களையே பக்கத்தில் நிறுத்தி, அவர்கள் கையாலேயே வெளியேற்ற வைக்கிறேன். நாள் பிந்தி வந்த ஒழுக்கம்.

ஐந்து மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அக்கா வந்தார். சார்ஜ் ஏறவில்லை. அடுத்த தெருவில் இரண்டு கடை இருக்கிறது, அங்கே போயிருக்கலாம். ஏன் என்னிடம் வந்தார் என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

"விட்டுட்டுப் போக மாட்டேன். என் முன்னாலயே பண்ணு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "நல்லாத் தெரியிற கண்ணு ஒண்ணு இருக்கு. அத வச்சுப் பாத்துக்கிட்டே இருப்பேன்."

சார்ஜர் ஓட்டையில் பஞ்சு அடைத்திருந்தது. ஊசியால் எடுத்தேன். ஏறுகிறதா என்று பார்க்கப் போனைத் திறக்க வேண்டும் என்றேன். வழக்கமாகத் தெருவே கேட்கும்படி எண்ணைக் கத்துகிறவர், போனைத் தன் பக்கம் திருப்பி, ஒரு கையால் திரையை மறைத்துக்கொண்டார். விரல் ஆறு தடவை போய் வந்தது. தங்கை பிறந்த வருஷத்துக்கு நாலு எண் போதும்.

அவர் மறைக்கத் தொடங்கியதுமே நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தில் மணி ஆறு. எனக்குப் பின்னால் அவர் போனில் செய்தி வந்த ஒலி கேட்டது. கைப்பையின் ஜிப் திறந்தது. சின்னப் புட்டியின் மூடி திருகும் சத்தம் கேட்டது.

அந்த நேரத்துக்கு யார் என்ன எழுதுவார்கள் என்று நான் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. எனக்குத் தெரியும். கணினியிலிருந்து வெளியேற்ற இரண்டு அழுத்தல் போதும், எனக்குள்ளிருந்து அதை வெளியேற்றத்தான் வழி தெரியவில்லை. அவர் தலையை நிமிர்த்தி மருந்து விட்டு முடிக்கிறவரை சுவரைப் பார்த்தே நின்றேன்.